பதினாறு கட்டத்துக்குள் ஒரு பால்மரத் தொழிலாளி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை நெருங்கினால் தோட்டப்புறச் சிற்றூர்களிலும் கணினி விளையாட்டு செய்யச் சொல்லித்தரும் வகுப்புகள் முளைக்கின்றன. நல்லதுதான். ஆனால் பிள்ளைகள் அங்கே செய்து கொண்டுவரும் பாத்திரங்களைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே குறை. பெரிய படம் ஒன்றை வரைந்தோ இணையத்தில் இறக்கியோ 32 பிக்சலுக்கு (பிக்சல் என்பது திரைப் படத்தின் ஒரு புள்ளி) சுருக்கிவிட்டு, அதற்குப் பிக்சல் படம் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். முகம் கலங்கிக் கிடக்கிறது. ஓரங்களில் சாம்பல் பூத்திருக்கிறது. நடக்கவிட்டால் உடம்பெல்லாம் மினுமினுக்கிறது. வரையத் தெரியாததால் வந்த குறை இல்லை இது. முறையே தப்பு.

512-க்கு 512 அளவுள்ள படத்தை 32-க்கு 32 ஆக்கினால், புதிய படத்தின் ஒவ்வொரு கட்டமும் பழைய படத்தின் 256 பிக்சல்களின் சராசரி. பெரிய படத்தில் 20 பிக்சல் அகலமாக இருந்த கண், இங்கே ஒரு கட்டத்துக்குச் சற்றே கூடுதல். அது இரண்டு கட்டங்களின் எல்லையில் விழுந்தால் இரண்டுமே அரைக் கறுப்பாகும். கண் இருந்த இடத்தில் அழுக்குதான் மிஞ்சும். எட்டு நிறம் போதுமான ஆளுக்கு இருநூறு நிறம் வந்து சேரும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தரும் 'பிக்சல்' படங்களிலும் இதே கோளாறு வேறு வேடத்தில் வருகிறது. பார்க்கக் கட்டம் கட்டமாகத்தான் இருக்கும். பெரிதாக்கி எண்ணிப் பார்த்தால் ஒரு கட்டம் 7 பிக்சல், பக்கத்துக் கட்டம் 9. எந்தக் கம்பிவலையிலும் அது உட்காராது. இதைத் திருத்த எடுக்கும் நேரத்தில் புதிதாகவே இரண்டு வரைந்துவிடலாம்.

சின்ன உருவத்தை முதல் கட்டத்திலிருந்தே சின்னதாகத்தான் வரைய வேண்டும். அந்தக் காலத்து இயந்திரங்களில் வேறு வழியே கிடையாது. 1983-இல் வந்த நிண்டெண்டோ ஃபாமிகாம் என்ற விளையாட்டுப் பெட்டியில் ஒரு ஸ்பிரைட், அதாவது திரையில் நகரும் சின்ன உருவம், 8-க்கு 8 கட்டம், இல்லையேல் 8-க்கு 16. ஒவ்வொன்றுக்கும் மூன்று நிறமும் ஒளிபுகும் வெறுமையும் மட்டுமே. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு 1981-இல் வந்த டாங்கி காங் விளையாட்டில், அதை வடிவமைத்த ஷிகேரு மியாமோட்டோ தன் நாயகனுக்குத் தொப்பி போட்டதற்குக் காரணம் தலைமுடி வரைய இடமில்லாதது; மீசை வைத்ததற்குக் காரணம் அத்தனை சிறிய முகத்தில் மூக்கையும் வாயையும் பிரித்துக் காட்ட முடியாதது. பிற்பாடு மாரியோ என்று உலகமே அழைத்த முகம் அப்படிப் பிறந்தது.

இந்தக் கணக்கில் பார்த்தால் நம் தோட்டத்து ஆட்கள் ஸ்பிரைட்டுக்கென்றே உடுத்தியவர்கள். பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவப் போகும் அம்மா தலையில் துண்டு கட்டியிருக்கிறார். முடி வரைய வேண்டாம். நெற்றியில் விளக்கு, எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பதை அதுவே சொல்லும். கையில் கத்தி, இன்னொரு கையில் வாளி. ஆனாலும் பிள்ளைகள் ஜப்பானிய வாள்வீரனையே திரும்பத் திரும்ப வரைகிறார்கள். வரையட்டும், ஆனால் அந்த வீரனின் கவசத்தை அவர்கள் நேரில் பார்த்ததில்லை. வாளி எப்படி ஆடும் என்பதை வீட்டுப் பெரியவர்களைக் கேட்டாலே தெரிந்துகொள்ளலாம்.

அந்த அம்மாவையே 16-க்கு 16 கட்டத்தில் முன்பக்கமாக நிறுத்துவோம். மேலிருந்து முதல் வரிசையைக் காலியாக விடுங்கள், காரணம் பிறகு வரும். 2-இலிருந்து 7-ஆம் வரிசை வரை தலை. 8-இலிருந்து 12 வரை சட்டை. 13, 14 காற்சட்டை, 15, 16 பூட்ஸ். தலைக்கு ஆறு வரிசை, உடம்புக்கு ஐந்து, காலுக்கு நான்கு. நிஜ மனிதரில் தலை உயரத்தின் ஏழில் ஒரு பங்குதான். அந்த விகிதத்தை இங்கே கொண்டுவந்தால் தலைக்கு இரண்டே வரிசை கிடைக்கும், முகம் இருக்காது. அகலத்தில், தலை 5-ஆம் நெடுவரிசையிலிருந்து 12 வரை எட்டுக் கட்டம். கையோடு சேர்த்து உடம்பு 4 முதல் 13 வரை பத்துக் கட்டம். இரண்டு பக்கமும் மும்மூன்று நெடுவரிசை மிஞ்சும். கத்தியும் வாளியும் அங்கே. தலைத்துண்டு 2, 3, 4-ஆம் வரிசைகள். விளக்கு 4-ஆம் வரிசையில் நடுவே 8, 9-ஆம் கட்டங்கள். கண்கள் 6-ஆம் வரிசையில், 7-ஆம் கட்டத்திலும் 10-ஆம் கட்டத்திலும் ஒவ்வொரு கட்டம். வாய் வேண்டாம். ஒரு கட்டம் வாய் வைத்தாலும் அது மீசையாகவோ அழுகையாகவோ தெரியும்.

இரட்டைப்படை அகலமுள்ள பரப்பில் ஒற்றைப்படை அகலத் தலை வைப்பது பலர் செய்யும் பிழை. ஏழு கட்டத் தலை பதினாறில் நடுவில் உட்காராது. பக்கம் திருப்பும்போதெல்லாம் ஆள் ஒரு கட்டம் குதிப்பார்.

நிறம் தீட்டுமுன் ஒரு சோதனை. உருவம் முழுவதையும் ஒரே கறுப்பாக நிரப்பி, பெரிதாக்காமல் நிஜ அளவில் பாருங்கள். பால்வெட்டு ஆளா, செம்பனைக் குலை அறுக்கும் ஆளா, கங்காணியா என்று நிழலை வைத்தே சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் எந்த நிறமும் காப்பாற்றாது. கத்தி உடம்போடு ஒட்டியிருந்தால் நிழலில் காணாமல் போகும். அதை ஒரு கட்டம் வெளியே தள்ளி, கைக்கும் இடுப்புக்கும் நடுவில் ஒரு கட்டம் காற்று விட வேண்டும்.

நிறத்துக்கு வருவோம். இந்த அம்மாவுக்கு எட்டே நிறம் போதும்: கோட்டுக்கு ஒன்று, தோலுக்கு இரண்டு, சட்டைக்கு இரண்டு, தலைத்துண்டு, காற்சட்டை, விளக்கு ஒவ்வொன்றுக்கும் ஒன்று. பூட்ஸுக்குக் கோட்டு நிறமே ஆகும். துண்டின் மடிப்புக்குக் காற்சட்டை நிறத்தைக் கடன் வாங்கலாம். வாளிக்குத் துண்டின் வெளிர் நிறம். நிறங்கள் இப்படி ஒன்றுக்கொன்று கைமாறும்போதுதான் உருவம் ஒரே ஆளாகத் தெரியும். ஒவ்வொரு பொருளுக்கும் தனி நிறம் வைத்தால் துணுக்குகளை ஒட்டியதுபோல் இருக்கும்.

தோல் நிறத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இணையத்தில் கிடைக்கும் ஆயத்த வண்ணத்தட்டுகள் பலவற்றில் 'தோல்' என்றால் இளஞ்சிவப்புதான். பிள்ளைகள் அதை எடுத்துக் கறுப்புக் கலந்து பழுப்பாக்கப் பார்க்கிறார்கள். சேற்று நிறம் வருகிறது. நம் தோலின் நிழல் கறுப்பை நோக்கிப் போவதில்லை, செம்மைக்கும் ஊதாவுக்கும் போகிறது. வெளிச்சம் படும் இடம் மஞ்சளை நோக்கிப் போகிறது. தொடங்குவதற்கு ஓர் அளவு: தோல் சிவப்பு 150, பச்சை 92, நீலம் 60, நிழல் 98, 52, 52, கோடு 44, 28, 44. நிழலில் சிவப்பும் பச்சையும் அதிகம் இறங்க, நீலம் சற்றே மட்டும் இறங்குவதைக் கவனியுங்கள். கோட்டுக்கு முழுக் கறுப்பு வேண்டாம். செம்பனை நிழல் போன்ற கரும்பச்சைத் தரையில் முழுக் கறுப்புக் கோடு உருவத்தைக் கத்தரித்து ஒட்டினதாக்கிவிடும். தோல் இன்னும் கறுப்பாக வேண்டுமென்றால் வையுங்கள், தயக்கமே வேண்டாம். ஆனால் கண் தெரியவில்லை என்று வெள்ளை வைக்காதீர்கள், மிரண்ட முகமாகிவிடும். கண்ணைச் சுற்றி ஒரு கட்டத்தில் தோலை ஒரு படி வெளிச்சமாக்கினால் போதும்.

நிழலை உருவத்தின் ஓரம் முழுக்கச் சுற்றி வைத்து நடுவை வெளிச்சமாக்குவது இன்னொரு பழக்கம். தலையணை உப்பியதுபோல் இருக்கும். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். இடப்பக்க மேல்மூலை என்று புத்தகங்கள் சொல்லும். இவ்வளவு சிறிய உருவத்துக்கு நேர் மேலிருந்து என்று வைப்பதே சரி; இடப்பக்கம் பார்க்கும் படத்தைக் கண்ணாடிபோல் திருப்பி வலப்பக்கத்துக்குப் பயன்படுத்தினாலும் நிழல் இடம் மாறாது.

வளைவுகளில் கட்டங்களை எண்ணுங்கள். வாளியின் அடி, துண்டின் மேல்விளிம்பு எல்லாம் 3, 2, 1, 1, 2, 3 என்று ஒழுங்காக ஏறி இறங்கினால் வளைவாகத் தெரியும். 3, 1, 2, 1 என்று போனால் பல் உடைந்த ரம்பம். கோடு திரும்பும் மூலையில் தேவையில்லாமல் ஒரு கட்டம் தங்கிவிடுவதும் உண்டு. கோடு அங்கே தடித்துத் தெரிவது அதனால்தான், அதை அழித்துவிட வேண்டும். புள்ளிக்கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இது எளிது என்று சிலர் சொல்வதுண்டு. பாதிதான் உண்மை. எண்ணும் பழக்கம் உதவும், சரி. ஆனால் கோலத்தில் புள்ளி வழிகாட்டி, இழைதான் படம். இங்கே புள்ளியேதான் படம். குறுக்குத் தையல் போடுகிறவர்களுக்கு இது இன்னும் பக்கம்.

இப்போது நடக்க வைப்போம். நான்கு பிரேம், அதாவது மாறி மாறிக் காட்டும் நான்கு நிலைப் படங்கள், போதும். முதல் பிரேமில் ஒரு கால் முன்னே. முன்பக்கப் படத்தில் அந்தப் பூட்ஸ் தரையில் இருக்க, மற்றது ஒரு கட்டம் மேலே. இரண்டாவதில் கால்கள் சேர்ந்திருக்கும், இடுப்புக்கு மேல் உடம்பு முழுவதும் ஒரு கட்டம் உயரும். மூன்றாவது, முதலாவதைத் திருப்பியது. நான்காவது, இரண்டாவதே. அதாவது வரைய வேண்டியவை இரண்டுதான். முதல் வரிசையைக் காலியாக விடச் சொன்னது இந்த ஒரு கட்ட உயர்வுக்காக. 16 வரிசையையும் நிரப்பி வைத்தவர்களுக்கு இங்கே தலை வெட்டுப்படும். திருப்பும்போது கத்தி வலக்கையிலிருந்து இடக்கைக்குப் போய்விடும் என்பதையும் மறக்காதீர்கள். கத்தி, வாளி இரண்டையும் தனி அடுக்கில் வைத்து, உடம்பை மட்டும் திருப்பிவிட்டு, அவற்றைப் பழைய இடத்திலேயே வைக்க வேண்டும்.

வாளிதான் இந்த ஆளுக்கு உயிர் கொடுக்கும். உடம்பு மேலே போகும் பிரேமில் வாளி ஒரு கட்டம் கீழே இருக்கட்டும், உடம்பு இறங்கும்போது அது மேலே வரட்டும். பால் நிரம்பிய கனம் உடனே தெரியும். வெறும் வாளிக்கு இந்த எதிராட்டம் வேண்டாம், உடம்போடு சேர்ந்தே ஏறி இறங்கட்டும். இரண்டு வாளியும் அவற்றைத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பும் வைக்க ஆசைப்படுகிறவர்கள் பரப்பை 32 அகலமாக்கிக்கொள்ளுங்கள், பதினாறில் அடங்காது.

வேகத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பக்கவாட்டு நடையில் ஓர் எட்டு (ஒரு காலடி) ஐந்து கட்டம் என்றால், நான்கு பிரேமில் இரண்டு எட்டு, ஆக பத்துக் கட்டம். பிரேமுக்கு 150 மில்லிநொடி என்றால் ஒரு சுற்று 600 மில்லிநொடி. நொடிக்குச் சுமார் 17 கட்டம்தான் அந்தக் கால்கள் நியாயமாக நடக்க முடியும். நிரலில் நொடிக்கு 60 என்று எழுதி வைத்தால் பால்வெட்டு அம்மா பனிச்சறுக்கு விளையாடுவார். பிரேம் நேரத்தை 100-க்குக் குறைத்து எட்டையும் அகலமாக்குங்கள், அல்லது வேகத்தைக் குறையுங்கள்.

குலை அறுக்கும் ஆளுக்கு வேறு சிக்கல். மலேசியாவிலேயே முதலில் வணிக முறையில் செம்பனை நடப்பட்ட தென்னமரம் தோட்டம் எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது, 1917-இல் நட்டது. அதனால் இந்தப் பாத்திரத்தைச் சரியாகச் செய்யாவிட்டால் ஊரே சிரிக்கும். 160 சென்டிமீட்டர் ஆளை 32 கட்ட உயரத்தில் வரைந்தால் ஒரு கட்டம் 5 சென்டிமீட்டர். குலையை எட்டி அறுக்கும் ஆறு மீட்டர்க் கம்பு 120 கட்டம். எந்த ஸ்பிரைட் பரப்பிலும் அதை ஆளோடு சேர்த்து வைக்க முடியாது. வைத்தால் ஒவ்வொரு பிரேமும் வெற்றிடமாக வீங்கும். கம்பை ஒரு கட்ட அகலமுள்ள தனித் துண்டாகவும், நுனி அரிவாளைத் தனி ஸ்பிரைட்டாகவும் செய்து, நிரலில் ஆளின் கை இருக்கும் புள்ளியில் பொருத்துங்கள். 40 சென்டிமீட்டர்க் குலைக்கு எட்டுக் கட்டம் கிடைக்கிறது. அதில் முள்ளையும் பழத்தையும் காட்டப் பார்க்காமல், செம்மஞ்சள் உருண்டையில் நான்கைந்து கரும்புள்ளிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கருவிகளுக்குப் பெரிய செலவு இல்லை. வரைபலகை வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள், இந்த அளவுக்குக் கணினி எலியே துல்லியம். லிப்ரெஸ்பிரைட், பிக்சலோராமா இரண்டும் இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். பிஸ்கெல் உலாவியிலேயே இயங்கும். அதில் சேமிப்பது உலாவிக்குள் மட்டும் தங்கினால் உலாவியின் தரவை அழிக்கும்போது அதுவும் போய்விடும், எனவே கோப்பாகவும் இறக்கி வையுங்கள். ஏஸ்பிரைட் சுமார் 20 அமெரிக்க டாலர். வசதிகள் கூடுதல், ஆனால் தொடக்கத்துக்குத் தேவையில்லை. எதில் வரைந்தாலும் ஒரு பிக்சல் பென்சிலைப் பயன்படுத்துங்கள். ஓரத்தை மென்மையாக்கும் தூரிகையைத் தொடவே வேண்டாம்.

சேமிப்பது பிஎன்ஜி கோப்பாக மட்டும். ஜேபெக் முறை படத்தை 8-க்கு 8 பிக்சல் துண்டுகளாக எடுத்து நுணுக்கத்தைக் கழித்துவிடும். 16 கட்ட உருவம் அப்படிப்பட்ட நான்கே துண்டு. ஒளிபுகும் பின்னணியும் போய்விடும். வாட்சாப்பில் படமாக அனுப்பினாலும் இதே கதிதான். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். நண்பருக்கு அனுப்பிய பிறகு நிறமெல்லாம் கலங்கிவிட்டது என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் இது.

பெரிதாக்குவது எப்போதும் முழு மடங்கில். 2, 3, 4 சரி, இரண்டரை கூடாது. விளையாட்டு செய்யும் செயலியான ஆர்பிஜி மேக்கர் எம்வியில் ஒரு பிரேம் 48-க்கு 48. பதினாறை மூன்று மடங்காக்கினால் கச்சிதமாக உட்காரும். பிரேம்களை அடுக்கும் தாள் அதற்கு 3 நெடுவரிசை (நான்காவது பிரேம் இரண்டாவதே என்பதால்), 4 வரிசை, மொத்தம் 144-க்கு 192. வரிசைகள் கீழ், இடம், வலம், மேல் என்ற ஒழுங்கில் இருக்க வேண்டும். ஒரே பாத்திரம் மட்டும் உள்ள கோப்பின் பெயர் டாலர் குறியோடு தொடங்கவில்லை என்றால் செயலி அதை எட்டுப் பேர் கொண்ட தாள் என்று எண்ணி உருவத்தைத் துண்டு போட்டுவிடும். ஸ்க்ராட்ச் என்ற நிரல் பழகும் செயலியில் செய்யும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஏற்றுமுன்பே நான்கு மடங்காக்கிக்கொள்வது நல்லது. 480-க்கு 360 மேடையில் 16 கட்டம் எறும்பாகத்தான் தெரியும்.

கொடோ என்ற விளையாட்டு இயந்திரத்தில் செய்கிறவர்கள் திட்ட அமைப்புகளில் டெக்ஸ்சர் வடிகட்டியை 'நியரஸ்ட்' என மாற்ற வேண்டும். யூனிட்டி என்ற இன்னொரு இயந்திரத்தில் 'பாயின்ட்', அங்கே கோப்பின் எடையைச் சுருக்கும் அமைப்பையும் நிறுத்திவிடுங்கள். மாற்றாவிட்டால் கட்டங்களை இயந்திரமே குழைத்துவிடும். விளையாட்டுத் திரையை 320-க்கு 180 என்று வைத்தால் நான்கு மடங்கில் 1280-க்கு 720, ஆறு மடங்கில் 1920-க்கு 1080. மலிவு மடிக்கணினிகளில் பல 1366-க்கு 768 திரை. அதை முழுக்க நிரப்பப் பார்த்தால் மடங்கு 4.27 ஆகி, சில கட்டம் 4 பிக்சலும் சில கட்டம் 5 பிக்சலுமாக நெளியும். நான்கு மடங்கோடு நிறுத்தி, இரு பக்கமும் 43, மேலும் கீழும் 24 பிக்சலைக் கறுப்பாக விட்டுவிடுங்கள். இந்த இரண்டு இயந்திரங்களுக்கும் தாளில் பிரேம்களுக்கு நடுவே ஒரு கட்டம் இடைவெளி விடுவதும் நல்லது. இல்லையேல் பக்கத்துப் பிரேமின் பூட்ஸ் இந்தப் பிரேமின் தலைக்கு மேல் ஒரு கீற்றாகக் கசியும்.

ஆசிரியருக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்று. தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் வாரம் ஒருமுறை 16-க்கு 16 வெற்றுக் கட்டம் ஒன்றை அச்சிட முடியுமா? ஒரு கட்டம் 5 மில்லிமீட்டர் என்றால் மொத்தம் 8 சென்டிமீட்டர்ச் சதுரம்தான், ஒரு சிறு விளம்பரத்தின் இடம். கோடுகள் வெளிர் சாம்பலாக இருக்கட்டும், கறுப்பானால் பிள்ளைகள் தீட்டும் நிறத்தோடு சண்டை போடும். மேலேயும் இடப்பக்கமும் 1 முதல் 16 வரை எண் போட வேண்டும். 'ஆறாம் வரிசை, ஏழாம் கட்டம்' என்று தொலைபேசியிலேயே ஒருவருக்கொருவர் சொல்லி வரைய அது உதவும், பிறகு கணினியில் ஏற்றவும் அதே எண்தான். பக்கத்தில் எட்டு வெற்றுச் சதுரங்கள், அந்த வாரத்து நிறங்களுக்கு. செய்தித்தாளில் மார்க்கர் பேனா ஊறிப் பக்கத்துக் கட்டத்துக்கும் போய்விடும், ஆகவே வண்ணப் பென்சில் என்று ஒரு வரி கீழே போட்டால் நல்லது.

இப்படிக்கு,
பெஸ்தாரி ஜெயா வாசகர்கள் சிலர்,
சிலாங்கூர்.